துப்பாக்கிக்கு உதட்டைப் பிதுக்கினேன்

பிடித்த பொருளைப் பிடித்திருக்கிறது என்று கடையிலேயே வாய்விட்டுச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். சொன்ன அந்தக் கணமே கடைக்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கப்புறம் நீங்கள் தலைகீழாக நின்றாலும் ஒரு பைசா குறையாது. நான் அந்த ஜாதி இல்லை. மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் குடும்பத்தில் புடவை, குக்கர், ஃபிளாட் எதுவானாலும் வாங்குவதற்கு முன், "பிருந்தாவைக் கூட்டிண்டு போங்கோ" என்பார்கள்.

என் பாணி மிக எளிது. பிடிக்காத புடவையைக் கையில் எடுத்து, "ஆஹா, என்ன கலர்!" என்று உருகுவேன். பிடித்த புடவையை ஒரே விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கீழுதட்டைப் பிதுக்குவேன். அந்தப் பிதுக்கலில் பெரிய பெரிய பட்டுப்புடவை முதலாளிகளே ஆடிப்போயிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் கணவரைப் பார்த்தும் பழக்கதோஷத்தில் பிதுக்கிவிட்டேன். பதறிப்போன என் மாமியார், கல்யாணச் செலவில் பாதியைத் தாங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். "அன்னிக்கு நீ பண்ணினது பேரமா, நிஜமா?" என்று என் கணவர் இன்றைக்கும் கேட்கிறார். (நான் பதில் சொல்வதில்லை. பிடி நம் கையில் இருக்க வேண்டும்.)

இப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி வாங்கக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

துப்பாக்கி என் அக்கா பெண் நித்யாவுக்கு. காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்தவள், ரைஃபிள் பிடிக்கக் கற்றுக்கொண்டு, அங்கிருந்து களிமண் தட்டு சுடும் போட்டிக்குத் தாவிவிட்டாள். எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் அப்பளத்தைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை. லைசென்ஸுக்காகப் போலீஸ்காரர் வீட்டுக்கு விசாரிக்க வந்தபோது அக்கா அவருக்கு ஃபில்டர் காபி கொடுத்து, "இவளுக்கு எப்படியாவது லைசென்ஸ் கிடைக்காமப் பண்ணிடுங்கோ" என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டாள். அவர் காபியை மட்டும் குடித்துவிட்டு, லைசென்ஸுக்குச் சிபாரிசு செய்துவிட்டார்.

அந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தரைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் இயந்திரம் இருக்கும். சுடுகிறவர் "புல்!" (இழு என்பதற்கு ஆங்கிலம்) என்று கத்தினால் அது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு களிமண் தட்டை வீசும். தட்டு இடது பக்கம் போகுமா, வலது பக்கம் போகுமா என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் மேலே எழும்பிக்கொண்டே ஓடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் அதைச் சுட்டுப் பொடியாக்க வேண்டும். இதற்கென்று வரும் துப்பாக்கிக்கு ஓவர்-அண்டர் என்று பெயர். ஒரு குழாயின்மேல் இன்னொரு குழாய் படுத்திருக்கும். முதல் வெடி தவறினால் இரண்டாவது.

கிளப்பில் இருந்த பொதுத் துப்பாக்கி ஆறடி ஆளுக்காகச் செய்தது. நித்யாவோ எங்கள் குடும்பத்து உயரம். அதாவது, உயரமே இல்லை. துப்பாக்கிக் கட்டை அவள் தோளில் உட்காராமல் கன்னத்தில் போய் இடிக்கும். வாராவாரம் கன்னம் கன்றிப்போய் வீடு திரும்புவாள். பில்டிங் லிஃப்டில் எல்லோரும் அவள் அப்பாவை, அதாவது என் அத்திம்பேரை, ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். (அத்திம்பேர் அணுசக்தி நகரில் உத்தியோகம். கொசுவைக்கூட அடிக்க மாட்டார், ஊதித்தான் விரட்டுவார்.)

அடுத்த மாதம் மாநில அணிக்கான தேர்வு. இந்தத் துப்பாக்கியோடு போனால் தேறவே மாட்டாள் என்று கோச் கையை விரித்துவிட்டார். அப்போதுதான் பட்வர்தன் சாப் என்பவர் சுடுவதை நிறுத்தப்போகிறார் என்ற செய்தி வந்தது. கிளப்பின் பழைய உறுப்பினர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மனைவி கண்டிப்பாகத் தடை போட்டுவிட்டாராம். அவரிடம் இரண்டு ஓவர்-அண்டர் இருந்தன. ஒன்று நித்யாவுக்கு, மற்றது வாஷியிலிருந்து வரும் ஒரு பையனுக்கு. எது வேண்டும் என்று முதலில் சொல்லும் உரிமையைக் கோச் நித்யாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்.

முந்தின நாள் நித்யா எனக்கு ஃபோன் செய்தாள்.

"சித்தி, எனக்கு அந்தக் கறுப்பு கன்தான் வேணும். ஒரு வாட்டி தோள்ல வெச்சுப் பாத்தேன். எனக்குன்னே பண்ணினாப்பல இருக்கு."

"மெதுவாப் பேசு. இதையெல்லாம் ஃபோன்ல சொல்லாதே."

"ஃபோன்ல யார் கேக்கப் போறா?"

"வாய் பழகிடும்டி. அங்க போய் உளறிடுவே. உனக்குப் பிடிச்சது பூப்போட்டது. கறுப்பைக் கண்டாலே பிடிக்கலை. நன்னா மனசுல வாங்கிக்கோ."

"பட் அவர் ரொம்ப நல்ல மனுஷர், சித்தி. நேரா சொல்லிடலாமே?"

"நல்ல மனுஷாதான் விலையைக் குறைக்கவே மாட்டா. நீ சுடறதை மட்டும் பாரு. பேச்சு என்னோடது."

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

பன்வேலைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருந்தது சுடும் மைதானம். நான் தயிர்சாதம், எலுமிச்சங்காய் ஊறுகாய், தண்ணீர் பாட்டில், மடக்குக் குடை சகிதம் போய் இறங்கினேன். பட்வர்தன் சாப் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், மீசையை நேர்த்தியாகக் கத்தரித்துக்கொண்டு காத்திருந்தார். அவரும் குள்ளம்தான். இரண்டு பெட்டிகளை மேஜைமேல் வைத்து, பெண்ணுக்கு நகை காட்டுகிறவர் மாதிரி மெதுவாகத் திறந்தார்.

முதல் பெட்டியில் பூப்போட்டது. உலோகப் பகுதி முழுக்கக் கொடியும் இலையும், நடுவே பறக்கும் வாத்துகளும் செதுக்கியிருந்தன. மரக்கட்டையில் பாதாம் அல்வாவைக் கிளறி நிறுத்தினாற்போல் வரிகள். மாமனார் தன்னுடையதையே பரிசாகக் கொடுத்ததாம்; மாமனார் நல்ல உயரமாம். இரண்டாவது பெட்டியில் கறுப்பு. அதில் அலங்காரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நீளமான குழாய், அதன்மேல் உயர்த்திக் கட்டிய ஒரு பட்டை. கன்னம் பதியும் இடத்தில் கட்டையின் ஒரு துண்டைத் தனியாக வெட்டி, திருகாணி போட்டு ஏற்றி இறக்கும்படி செய்திருந்தார்கள். கட்டையின் பின்பக்கத்தைத் தன் உடம்புக்குத் தகுந்தபடி அறுத்துச் சிறிதாக்கியிருந்தார் பட்வர்தன் சாப். அவர் ஜெயித்த கோப்பைகள் எல்லாம் இதில் ஜெயித்தவையாம்.

கோச் வித்தியாசத்தை விளக்கினார். தட்டு எழும்பிக்கொண்டே போவதால், பூப்போட்டதில் குறி வைத்தால் தட்டைக் குழாயே மறைத்துவிடும். அது வேறு வகைப் பந்தயத்துக்கான மாடல். கறுப்பு இந்தப் பந்தயத்துக்கென்றே செய்தது. குறி வைத்த இடத்துக்குச் சற்று மேலேயே சுடும். ஆகவே தட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சுடலாம். நான் தலையை ஆட்டிக்கொண்டே பூப்போட்டதைக் கையில் வாங்கினேன். எவர்சில்வர் அண்டா வாங்கும்போது செய்வதுபோல விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கட்டையை முகர்ந்து பார்த்தேன். குழாய் உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்று முன்பக்கத்து ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

"ஆன்ட்டீ! உதர் ஸே நஹீ!" என்று கோச் அலறினார். மலையில் இருந்த கொக்குகள் பறந்தன.

துப்பாக்கி மடங்கித் திறந்துதான் இருந்தது, உள்ளே தோட்டாவும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது அங்கே மகாபாவமாம். என்னை ஒரு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இனி வாயால் மட்டும் பங்கெடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. அதுதானே எனக்கு வேண்டும்!

நித்யா முதலில் பூப்போட்டதை எடுத்தாள். "புல்!" தட்டு பறந்தது. சுட்டாள். தட்டு ஒரு கீறலும் இல்லாமல் போய்ப் புல்லில் சௌகரியமாக இறங்கியது. இன்னொன்று. அதுவும் அப்படியே. ஒன்றிரண்டு தட்டுகள் மட்டும் மனமிரங்கி ஓரத்தில் உடைந்தன. நான் கை தட்டினேன்.

"வாஹ்! க்யா பந்தூக் ஹை!" என்றேன், என்ன துப்பாக்கி என்று உருகி.

பட்வர்தன் சாப் குழப்பத்தோடு திரும்பினார். "ஒன்றும் சரியாக உடையவில்லையே?" என்று இந்தியில் கேட்டார்.

"உடையாவிட்டால் என்ன, பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது!" என்றேன் நானும் இந்தியில். (என் இந்தி பாஜிவாலாவிடம், அதாவது காய்கறிக்காரரிடம் கற்றது. அதில் பாராட்டுக்கும் பேரத்துக்கும் தவிர வேறெதற்கும் வார்த்தைகள் கிடையாது.)

வெயிலில் தயிர் புளித்துவிடுமோ என்று அப்போது டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நித்யா துப்பாக்கியை மடக்கித் திறந்தாள். அதன் காலித் தோட்டா பின்பக்கமாகத் துள்ளி வந்து, நேராகத் தயிர்சாதத்தில் இறங்கிப் புகைந்தது. வேறு சமயமாக இருந்தால் கிளப்பையே இரண்டாக்கியிருப்பேன். ஆனால் அது பூப்போட்ட துப்பாக்கியின் தோட்டா. ஆகவே, "என்ன வேகம், என்ன வேகம்!" என்று அதையும் புகழ்ந்தேன்.

அடுத்தது கறுப்பு. அதைத் தோளுக்குக் கொண்டுபோன மாத்திரத்தில் நித்யா வேறு ஆளாகிவிட்டாள். கன்னம் கட்டையில் தானாகப் பதிந்தது. தோள் இறங்கியது. "புல்!" தட்டு பள்ளத்திலிருந்து கிளம்பி இரண்டு ஆள் உயரம் போவதற்குள் பொடிப்பொடியாகி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகை மட்டும் காற்றில் நின்றது. இன்னொன்று இடது பக்கம் ஓடியது. புகை. வலது பக்கம். புகை. பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். என் கண்ணில் நீர் கட்டிக்கொண்டதை அங்கே யாரும் பார்க்கவில்லை, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன்.

உதட்டை நன்றாகப் பிதுக்கினேன்.

ஒவ்வொரு தட்டு உடைந்ததும் நித்யா தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்ப்பாள். முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். என் உதட்டைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு மெல்ல வடிந்துவிடும். அடடா, இந்தப் பெண்ணுக்கு நடிப்பு இவ்வளவு நன்றாக வருகிறதே என்று நான் பூரித்துப்போனேன்.

பட்வர்தன் சாப் என் நாற்காலி அருகில் வந்தார். கண்கள் பளபளத்தன. "எப்படி?" என்று கேட்டார்.

"டீக் ஹீ ஹை," என்றேன், ஏதோ இருக்கிறது என்கிற தொனியில். பேரத்தில் இதுதான் அடி போட வேண்டிய இடம். "பாரம் ஜாஸ்தி. பார்வைக்கும் சுகமில்லை. எங்கள் வீட்டு மோரி பைப் மாதிரி இருக்கிறது."

மோரி என்றால் பம்பாய் வீடுகளில் பாத்திரம் கழுவும், குளிக்கும் மூலை. அதன் பைப்பை மராத்திக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பட்வர்தன் சாப் நிமிர்ந்து நின்றார். நித்யாவிடம் போய்த் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து, குழாயை மேலிருந்து கீழ்வரை நிதானமாகத் துடைத்தார். பெட்டியில் வைத்துக் கொக்கிகளை மாட்டினார்.

"மேடம் சொல்வது சரி," என்றார். "பூப்போட்டதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இது வாஷிப் பையனுக்கு. நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்."

நித்யா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "சித்தி, சொல்லு. நிஜத்தைச் சொல்லிடு, ப்ளீஸ்."

"உஷ். இது கடைசிக் கட்டம்டி," என்று அவள் காதில் சொன்னேன். "இப்போ எழுந்து போகணும். கடை வாசலைத் தாண்டறதுக்குள்ள அவாளே கூப்பிடுவா."

இருந்தாற்போலிருந்து எழுந்தேன். "யோசித்துச் சொல்கிறோம்," என்று குடையை விரித்துக்கொண்டு, நித்யாவின் கையைப் பற்றி நடந்தேன். புடவைக் கடையில் மூன்றாவது படி இறங்குவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். இங்கே படிகள் இல்லாததால் கணக்குத் தெரியவில்லை. மெதுவாக நடந்தேன். பூச்செடிகளைப் பார்ப்பதுபோல் நின்றேன். செருப்பைச் சரி செய்தேன். டாக்ஸியில் ஏறி, "ஆஸ்தே சலோ," என்று மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரிடம் கெஞ்சினேன். கேட்டைத் தாண்டியபோது பின்னால் யாரோ கூவிக்கொண்டு ஓடி வருவது கேட்டது.

"பாத்தியா!" என்றேன் வெற்றிக் களிப்பில்.

ஓடி வந்தவர் கோச். ஜன்னல் வழியாக என் தயிர்சாத டப்பாவை நீட்டினார். விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வாஷி நெருங்கும்போது, நித்யா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சித்தி, நீ என்னைப் பாத்தும் அதையேதான் பண்ணினே."

"எதை?"

திரும்பி உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள். அச்சு அசல் என் உதடு. வெளியிலிருந்து பார்த்தால் அது அவ்வளவு கொடூரமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஒவ்வொரு தட்டு உடைஞ்சதும் உன்னைத்தான் பாத்தேன். நீ இப்படி மூஞ்சியை வெச்சுண்டிருந்தே."

"அது துப்பாக்கிக்குடீ! உனக்கில்லை."

"எனக்கு எப்படித் தெரியும்? ஸ்கூல்ல டான்ஸ் ஆடினப்பவும் இதே மூஞ்சி. டென்த் ரிசல்ட் வந்தப்பவும் இதே மூஞ்சி. அப்போல்லாம் யாரோட பேரம் பேசிண்டிருந்தே?"

வாஷி பாலத்தில் நல்ல காற்று. எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. பெற்ற குழந்தை எனக்கு இல்லை. இவளைத்தான் தூக்கி வளர்த்தேன். நாலு பேர் எதிரில் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே அவள் ஜெயிக்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு, ராத்திரி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருக்கிறேன். அது என் பாசம். ஆனால் மிளகாய் சுற்றும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். விழித்திருக்கும்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் என் உதடு மட்டும்தான். எனக்கு நிஜமாகவே வலித்தது.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, வரமாட்டேன் என்றவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, கையில் மைசூர்பாகுப் பொட்டலத்தோடு காட்கோபரில் பட்வர்தன் சாப் வீட்டுக்குப் போனேன். வாஷிப் பையன் வருவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும். அவர் கதவைத் திறந்தார். முகம் இறுகிப் போயிருந்தது. உள்ளே கறுப்புத் துப்பாக்கியின் பெட்டி, கொடுப்பதற்குத் தயாராக, சோபாவின் மேல் இருந்தது.

"அந்தத் துப்பாக்கி," என்று ஆரம்பித்தேன். "நன்றாக இருக்கிறது."

"நேற்று மோரி பைப் என்றீர்கள்."

"ஆமாம். நல்ல மோரி பைப். கெட்டியான பைப்."

நித்யா தலையில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. பிடிக்காத பொருளைப் புகழ்ந்து தள்ளச் சொன்னால் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் செய்வேன். மனசுக்குப் பிடித்ததைப் புகழவேண்டும் என்றால் நாக்கு எழும்பவில்லை. பழக்கமே இல்லையே! வரன் பார்க்கிறவர்கள் பேசுவது ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். "ஆடம்பரம் இல்லை. அடக்கமாக இருக்கிறது. குடும்பத்துக்கு ஏற்றது," என்றேன்.

பட்வர்தன் சாப்பின் மீசை லேசாக அசைந்தது. "ஔர்?" என்றார். இன்னும் என்ன என்று கேட்கிறார்.

"நீங்கள் கட்டையை அறுத்துச் சின்னதாகச் செய்திருப்பது பெரிய மூளை."

"ஔர்?"

"கன்னத்தில் இடிக்கவில்லை."

"ஔர்?"

மனுஷர் அசையவில்லை, குழந்தை மிட்டாய்க்குக் கை நீட்டுவதுபோல் உட்கார்ந்திருந்தார். அவர் முந்தின ராத்திரி தூங்கவே இல்லை, மோரி பைப், மோரி பைப் என்று புலம்பிக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னார். எனக்குத் தெரிந்த இந்தி எல்லாம் தீர்ந்துபோனது. அப்போது அவர், "சரி, துப்பாக்கியை விடுங்கள். பெண் எப்படிச் சுட்டாள்?" என்று கேட்டார்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், என் கீழுதடு தானாகக் கிளம்பியது. அதை நான் கூப்பிடவே இல்லை. நித்யா அந்த வீட்டு மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காததுபோல் என்னைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்தது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். உதட்டை உள்ளே தள்ளிவிட்டுக் கையை எடுத்தேன். பாஜிவாலா இந்தி அதற்குப் போதவில்லை. தமிழிலேயே சொன்னேன், அவருக்கில்லை, அவளுக்கு.

"நித்யா, நேத்திக்கு நீ சுட்டயே, எனக்கு மூச்சே நின்னுபோச்சுடி. அத்தனை பேரும் எழுந்து நின்னா. என் பொண்ணுன்னு கத்தணும்போல இருந்தது. உன்னை மாதிரி சுடறவா யாரையும் நான் பாத்ததில்லை. அதை விட்டுட்டு மோரி பைப்புன்னு உளறினேன். நான் ஒரு மக்கு."

நித்யாவின் மூக்கு சிவந்தது. "நீ வேற யாரும் சுட்டே பாத்ததில்லை, சித்தி," என்றாள். ஆனால் வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பட்வர்தன் சாப்புக்குத் தமிழ் ஒரு வார்த்தை புரியாது. திருதிருவென்று விழித்தார். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கும் தமிழ் தெரியாது. ஆனால் அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அஹோ, தேஊன் டாகா நா!" என்று அதட்டினார். கொடுத்துத் தொலையுங்களேன் என்று அர்த்தம்.

பட்வர்தன் சாப் விலையைச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். நித்யா தன் ஷூவால் என் காலை மிதித்தாள். "சரி" என்றேன். என் வாழ்நாளில் சொன்ன விலைக்கு நான் வாங்கிய ஒரே பொருள் அதுதான். (பெட்டியைச் சும்மா கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்டேன். கேட்காமல் இருந்தால் எனக்கு ஜுரம் வந்திருக்கும்.) வாஷிப் பையனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவன் நெட்டையன், பூப்போட்டது அவன் தோளில் சொந்த மாமனாரே கொடுத்ததுபோல் பொருந்தியது.

காகிதமெல்லாம் கைமாறி, துப்பாக்கியும் வந்து, நித்யா மாநில அணியில் இடம் பிடித்தாள். கடைசி இடம்தான், ஆனாலும் இடம். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் என் மார்க்கெட்டே சரிந்துவிட்டது. நான் எதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாலும், "சித்திக்குப் பிடிச்சிருக்கு, பேக் பண்ணுங்கோ!" என்று கடைக்காரரின் எதிரிலேயே அத்தனை பேரும் கத்துகிறார்கள். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் என் முகத்தைப் பார்த்துத்தான் எந்தப் பாயசம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள். என் கணவருக்கு மட்டும் பரம திருப்தி. தன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக அவராகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

நானோ இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததை எல்லாம் இப்போது செலவழிக்கிறேன். நித்யா சுடும் நாளெல்லாம் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஆஜர். தட்டு உடைந்தால், "சபாஷ்டி!" என்பேன். உடையாவிட்டால், "தட்டு சரியில்லைடி!" என்பேன். ஒருநாள் அவள் "புல்" சொல்வதற்கு முன்பே நான் பாராட்டியதில், பள்ளத்தில் இருந்த இயந்திரம் என் குரலுக்கே தட்டை வீசிவிட்டது.

அடுத்த வாரம் போனபோது அங்கே புதிதாக ஒரு போர்டு. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் ஏற்கனவே இருந்த "அமைதி காக்கவும்" போர்டுகளுக்குப் பக்கத்தில், தாராவியில் தமிழ் போர்டு எழுதுகிறவரைத் தேடிப் பிடித்துக் கோச் எழுதி வாங்கியிருக்கிறார். சிவப்பு எழுத்தில், கொட்டை கொட்டையாக: "சுடுகிறவருக்குப் பின்னால் நின்று பாராட்டக் கூடாது."

நித்யா தமிழ் பேசுவாளே தவிரப் படிக்கத் தெரியாது. பட்வர்தன் சாப்புக்குத் தெரியாது. கோச்சுக்கும் தெரியாது. அந்த மைதானத்திலேயே அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

"என்ன சித்தி எழுதியிருக்கு?" என்று கேட்டாள் நித்யா.

"'ஜோராச் சுடறே'ன்னு எழுதியிருக்குடி," என்றேன், மலை வரைக்கும் கேட்கும்படி.